முந்தி அடித்த மணி

ஏப்ரல் 9, புதன்

காலையில் சுடலைமாடன் கோவில் கொடைக்கு ஆள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். நாலு ஸ்பீக்கர் பெட்டி, ட்யூப் லைட், ஒரு ஜெனரேட்டர். மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்ட ஸ்டேஷனில் விடமாட்டார்கள் என்றேன். "எஸ்.ஐ. உங்க சேக்காளிதான அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்த சொன்னா கேக்க மாட்டாரா" என்றார்கள். இந்த ஊரில் என் மைக் செட்டுக்கு உள்ள மரியாதையில் பாதி அந்த சேக்காளி முத்துசிவத்துக்குப் போக வேண்டியது.

மத்தியானம் அவனே வந்தான். நானும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். வெளியூர் ஸ்டேஷன் எல்லாம் சுற்றிவிட்டு இப்போது உள்ளூரிலேயே எஸ்.எஸ்.ஐ. ஆக இருக்கிறான். கடைக்குள் வந்தால் என் வலது பக்கம் பார்த்துத்தான் ஸ்டூலைப் போடுவான். என் இடது காது கேட்காது என்பது பலருக்குத் தெரியும், பேசும்போது ஞாபகம் வைத்திருப்பவன் அவன் ஒருத்தன்தான்.

"மே பதினொண்ணு, ஞாயித்துக்கெழம. நம்ம கிளாஸ் செட்டு பூரா கூடுதோம். நம்ம ஸ்கூல்லயே. மைக் செட்டு ஒன் பொறுப்பு. வாடக கீடகன்னு வாயத் தொறக்கப்பிடாது" என்றான்.

"தொறக்கல."

"திரவியம் சாரும் வாராரு. கூட்டிட்டு வாறதும் நீதான். ஒன் வண்டி சும்மாதான நிக்கும்."

சரி என்றேன். முத்துசிவத்திடம் நான் முடியாது என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

என் வீட்டுக்காரி உலகுவிடம் இன்றைக்குத்தான் சொன்னேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "எந்தத் திரவியம் சாரு?" என்று கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை. கல்யாணமான முதல் மாதமே அவளுக்கு எல்லாம் சொல்லியாயிற்று.

டைரியில் இதுவரை எழுதியதில்லை. ஒரு தரம் எழுதிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பு. மாவட்டக் கல்வி அதிகாரி டி.இ.ஓ. பள்ளிக்கூடம் பார்க்க வருகிற நாள். ஹெட்மாஸ்டர் லீவு. கணக்கு எடுத்த திரவியம் சார்தான் பொறுப்பில் இருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்து மணி வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதை யாரோ நேரத்துக்கு முந்தியே அடித்துவிட்டார்கள், வீட்டுக்குப் போகிற நீள மணி. பிள்ளைகள் நின்று யோசிக்கவா செய்யும்? மொத்தப் பள்ளிக்கூடமும் ஓடிவிட்டது. டி.இ.ஓ. ஜீப்பை விட்டு இறங்கியபோது மைதானத்தில் இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்ததாம். சாருக்கு மெமோ.

மறுநாள் காலை சார் எங்கள் வகுப்பை எழுப்பி நிறுத்தினார். மணிக்குப் பக்கத்தில் நான் நின்றதைப் பார்த்ததாக ஒரு பிள்ளை சொன்னாள். நின்றது உண்மை. "நீயாலே அடிச்ச?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தரம் கேட்டார். அப்போதும் சொல்லவில்லை. ஒரே அறை. இடது காதோடு சேர்த்து. கீழே விழுந்தபோது பெஞ்சு நெற்றியில் இடித்தது. நெற்றியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போனால் அப்பா, "வாத்தியார் சும்மாவா அடிப்பாரு" என்று தன் பங்குக்கு இரண்டு வைத்தார். அந்த ஜூனில் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடும்போதே, "கண்ண மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தவர். எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். சார் கண்ணை விட்டுவிட்டார். காதைப் பற்றி யாரும் பேசிக்கொள்ளவில்லை.

அம்மா பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் ஊற்றினாள். சரியாகட்டும் என்றுதான் ஊற்றினாள். பிறகு சீழ் வடிய ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் அம்மாவைத்தான் திட்டினார்.

மணியை நான் அடிக்கவில்லை. "பின்ன ஏன் நான் இல்லைன்னு சொல்லல?" என்று உலகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். பயம் என்று சொல்லியிருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

இன்றைக்கு அவள் வெங்காயத்தை விட்டுத் தலையைத் தூக்காமல், "அவரு ஒங்களுக்குப் பதில் சொல்லாட்டாலும் எனக்குச் சொல்லணும். என்னையக் கெட்டுன நாள்லேருந்து ஒண்ணொண்ணயும் ரெண்டு தடவ சொல்லி என் தொண்டல்லா போச்சு" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

சாரை அழைக்கப் போனோம். பழம், வெற்றிலை பாக்கு, பத்திரிகை எல்லாம் தட்டில் வைத்து முத்துசிவம் முறையாகத்தான் கொண்டுவந்தான். பக்கத்து டவுனில் மகள் வீட்டில் இருக்கிறார். மகள் பெயர் மங்கையர்க்கரசி, அரசி என்று கூப்பிடுகிறார்கள். எண்பதைத் தாண்டிவிட்டார் சார். கை நடுங்குகிறது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது.

"இவன் யாரு?" என்று கேட்டார்.

"கோமதிநாயகம் சார். நம்ம நாயகம். ஊருல மைக் செட்டு போட்டிருக்கான்."

"ஓ" என்றார். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி முத்துசிவத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

நான் உட்கார்ந்த இடத்தில் அவர் என் இடது பக்கமாகப் போய்விட்டார். நடுவில் அவர் என்னிடம் ஏதோ கேட்டிருக்கிறார், நான் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவனுக்கு அந்தப் பக்கம் கேக்காது சார்" என்றான் முத்துசிவம், மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி. சார் கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எங்கள் ஊரில் கரண்ட் எப்படி இருக்கிறது, அடிக்கடி போகிறதா என்று விசாரித்தார். டம்ளரை மறுபடி எடுக்கவே இல்லை.

முத்துசிவம் விழா விவரம் சொன்னான். இப்போதெல்லாம் பழைய மாணவர்கள் கூடுகிற இடத்தில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. பிரம்புக்குத் தங்கத்தாள் சுற்றி ஆசிரியர் கையில் கொடுப்பது. ஒவ்வொருத்தனும் மேடைக்கு வந்து, தான் சின்ன வயதில் எதற்கு அடி வாங்கினான் என்று மைக்கில் சொல்லிக் கையை நீட்டுவான். ஆசிரியர் செல்லமாக ஒரு அடி போடுவார். போட்டோ, வீடியோ, கைதட்டல்.

"இப்ப எதுக்குடே அதெல்லாம்?" என்றார் சார்.

"எல்லா ஊர்லயும் இப்பிடித்தான் சார் நடக்கு. பயலுவ ஆசையா இருக்கானுவ."

பைக்கில் திரும்பும்போது முத்துசிவம் பேசிக்கொண்டே வந்தான். நான் பின்னால் உட்கார்ந்து ஹெல்மெட்டுக்குள் இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

சடங்கு வீடு. ஒரு பெட்டி கரகரவென்றது. ஒயர்தான்.

ஏப்ரல் 26, சனி

வாட்ஸப் குரூப்பில் ஒரே அமளி. "சாரு அடிச்ச அடிதான் நம்மள மனுசனாக்குச்சு" என்று ஒருத்தன் போட, வரிசையாக எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மை போடுகிறார்கள். அடி வாங்காமலேயே மனுசனானவர்கள் எங்கள் வகுப்பில் நிறையப் பேர் உண்டு, பெண்பிள்ளைகள் பாதிப் பேர். அவர்களும் பொம்மை போடுகிறார்கள்.

அடி வாங்கப் போகிறவர்கள் பெயரை முத்துசிவம் போட்டிருந்தான். நடுவில் நானும் இருக்கிறேன். என் பெயருக்கு நேரே "மணி கேஸ்" என்று போட்டுச் சிரிக்கிற பொம்மை.

போலீஸ் செலக்சனுக்கு நானும் அவனும் ஒரே பஸ்ஸில் போனோம். ஓட்டத்தில் அவனுக்கு முன்னால் வந்தேன். கயிறு ஏறியதிலும் நான்தான் முதல். மெடிக்கலில் டாக்டர் எனக்குப் பின்னால் நின்று மெதுவாக ஏதோ சொன்னார். வலது காதைப் பொத்தச் சொல்லி மறுபடி சொன்னார். சொன்னாரா என்பதே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் பரீட்சை. முத்துசிவம் தேறிவிட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினான். நல்ல தூக்கம்.

அவனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கள் அப்பா இறந்தபோது லீவு கிடைக்காமல், யூனிஃபாரத்தோடு வந்து பாடையைத் தூக்கினவன். என் மகள் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியை அவன்தான் பார்த்துக்கொண்டான். நான் சொல்வது சாரைப் பற்றி.

மே 2, வெள்ளி

சாரின் மகள் போன் செய்தாள். "அண்ணே, அப்பா ஒங்கள மட்டும் ஒரு நட வந்துட்டுப் போகச் சொல்லுதாவ. கை நடுங்குதுல்லா, மைக்க எப்பிடிப் பிடிக்கதுன்னு கேக்கணுமாம்." இதைக் கேட்க நேரில் எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மே 3, சனி

போனேன். சட்டையில் மாட்டுகிற காலர் மைக் ஒன்றை எடுத்துப் போய்க் காட்டினேன். கையில் பிடிக்க வேண்டாம், குனிய வேண்டாம், நீங்கள் பாட்டுக்குப் பேசலாம் என்றேன். தலையை ஆட்டினார். அரசி உள்ளே போனதும் நாற்காலியை இழுத்து என் வலது பக்கம் போட்டுக்கொண்டார். நடுங்குகிற கையால் இழுத்ததால் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் எழுந்து உதவியிருக்கலாம். செய்யவில்லை.

"அந்தக் காது என்னாலதானடே?" என்றார்.

"ஆமா சார்."

"ரெண்டு மூணு வாரம் பஞ்சு வச்சுக்கிட்டு வந்த. பாத்தேன்."

காலர் மைக்கின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"மணி அடிச்சது நீ இல்லன்னும் தெரியும். அடிச்சதுக்கு மறுநாளே பியூன் ராமையா வந்து சொல்லிட்டான். அடிச்சது வேற பையன், யாருன்னு சரியாப் பாக்கல, ஆனா நாயகம் இல்லன்னு."

இத்தனை வருடமும் நான் நினைத்துக்கொண்டிருந்தது, அவருக்குத் தெரியாது என்று. தெரியாமல் அடித்தார், அடித்ததையும் மறந்துவிட்டார் என்று. ஒரு மனிதரை அப்படி நினைத்து விட்டுவிடுவது சுலபம். இப்போது அதுவும் இல்லை.

"ஏன் சார் சொல்லல?"

"எங்க காலத்துல வாத்தியாரு பையன்ட்ட தப்புன்னு சொன்னா பொறவு கிளாஸ்ல நிக்க முடியாதும்பாங்க. அப்பிடித்தான் இருந்துட்டேன். பொறவு நாளாயிட்டு. நாளாவ நாளாவ சொல்ல முடியல." நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுடே. போற காலத்துல வேற ஒண்ணும் வேண்டாம்."

சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"அன்னைக்கு அடிச்சது கிளாஸ் பூரா பாக்க சார். இன்னைக்கு வீட்டுக்குள்ள வச்சுக் கேக்கீங்க" என்றேன்.

காலர் மைக்கைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உலகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சரியாத்தான் கேட்டிருக்கீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பாவம், வயசான மனுசன்" என்றாள். இரண்டுமே உண்மைதான்.

மே 6, செவ்வாய்

அரசி போனில் பிடித்துக்கொண்டாள். "அப்பா ரெண்டு நாளா சாப்பிடல. என்னண்ணே சொன்னீங்க? பி.பி. ஏறிக் கெடக்கு. அந்தக் காலத்துல எல்லா வாத்தியாரும்தான் அடிச்சாங்க. அதுக்கு இப்ப வந்து இந்த வயசுல கணக்குத் தீக்கணுமா?"

"நான் வரல, அவருதான் கூப்பிட்டாரு தாயீ" என்றேன்.

வைத்துவிட்டாள். அவள் அப்பா, அவள் அப்படித்தான் பேசுவாள். ஆனால் மத்தியானச் சாப்பாடு எனக்கும் இறங்கவில்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தேன். அப்புறம் அதையும் சேர்த்து அவர் மேலேயே கோபப்பட்டேன்.

முத்துசிவத்திடம் இது எதையும் சொல்லவில்லை.

மே 11, ஞாயிறு

விடிந்ததும் போய்ப் பெட்டிகளை இறக்கிக் கட்டினேன். வேப்பமரம் இல்லை. தண்டவாளத் துண்டும் இல்லை, இப்போது கரண்ட் மணி. பந்தல் போட்டிருந்தார்கள். உலகு நீலப் பட்டுச்சேலையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

சாரைக் கூட்டிவரப் போனபோது அரசியும் வண்டியில் ஏறிக்கொண்டாள். சாருக்குக் காலர் மைக்கை நான்தான் மாட்டினேன். மாட்டும்போது அவர் முகம் பக்கத்தில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

பொன்னாடை, மாலை, காலில் விழுவது எல்லாம் முடிந்து தங்கத்தாள் பிரம்பு வந்தது. ஜவுளிக்கடை வைத்திருக்கிறவன் வந்து ஹோம் ஒர்க் செய்யாத கதையைச் சொன்னான். பேங்க்கில் இருக்கிறவன் சுவரேறிக் குதித்த கதையைச் சொன்னான். கையை நீட்டினார்கள், சார் தொட்டும் தொடாமல் ஒரு அடி வைத்தார், எல்லோரும் விசிலடித்தார்கள். நான் கீழே சவுண்ட் மிக்சர் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது முத்துசிவம். மைக்கை வாங்கியவுடனே அவனுக்குச் சிரிப்பு. "சார், நான் ஒங்ககிட்ட அடியே வாங்கினதில்ல. ஆனா வாங்கியிருக்கணும். ஒரு உண்மையச் சொல்லிருதேன். அன்னைக்கு டி.இ.ஓ. வந்த அன்னைக்கு, மணி அடிச்சது யாரு? நாயகம் இல்ல. ஐயாதான்." நெஞ்சைத் தட்டிக் காட்டினான். பந்தலே அதிர்ந்தது. ஒருத்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறான். "போலீஸ்காரனே திருடனா" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள், அதற்கும் சிரிப்பு. முத்துசிவம் கையை நீட்டினான். சார் அடிக்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவன் தானே பிரம்பின் நுனியைப் பிடித்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டான்.

"இப்ப எனக்குப் பதிலா அடி வாங்குன மகராசன், நம்ம மைக் செட் நாயகம், மேடைக்கு" என்றான்.

மிக்சரை விட்டு வர முடியாது என்று கையைக் காட்டினேன். விடவில்லை. இரண்டு பேர் வந்து தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேடையில் ஏறியதும் முத்துசிவம், "கைய நீட்டுடே" என்றான். நான் நீட்டவில்லை. இரண்டு கையும் பக்கத்தில் தொங்கின. "கூச்சப்படுதான்" என்று மைக்கில் சொன்னான். கொஞ்சம் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

சார் பிரம்பை மேசை மேல் வைத்தார். பேச ஆரம்பித்தபோது வகுப்பில் கேட்ட அதே குரல் எல்லாப் பெட்டிகளிலும் வந்தது.

"இவன நான் அடிக்க மாட்டேன். இவனுக்கு ஒரு காது கேக்காது. அது நான் அடிச்ச அடியில போன காது. மணி அடிச்சது இவன் இல்லன்னு எனக்கு மறுநாளே தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல. இவனக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேக்கல, இவங்க அப்பாகிட்ட போய்ச் சொல்லல. தப்பு பண்ணுனது இவன் இல்ல, நான். கிளாஸ் பூரா வச்சு அடிச்சேன், அதனால கிளாஸ் பூரா வச்சுச் சொல்லுதேன்."

அரசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சார் என் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சிருன்னு இப்ப கேக்க மாட்டேன் நாயகம். இவ்வளவு பேரு முன்னால கேட்டா நீ சரின்னு சொல்லித்தான் ஆவணும். அது கேட்டதுல சேராது."

அவ்வளவுதான். நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

யாரோ கைதட்டினார்கள். எங்கள் ஊரில் எதற்கும் கைதட்டிவிடுவார்கள். "சாரக் கெட்டிப் பிடிடே நாயகம்" என்று ஒரு குரல் வந்தது. போட்டோக்காரன் கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிவந்து காத்திருந்தான். அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. சாரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கி மிக்சருக்கு வந்துவிட்டேன். முத்துசிவம் மைக்கைப் பிடித்தபடியே நின்றான். அடுத்து என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "சாப்பாடு ரெடி" என்றான் கடைசியில்.

சாரைக் கொண்டுபோய் விட்டேன். வண்டியிலிருந்து கையைப் பிடித்து இறக்கினேன். "சாப்பாட்டுல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். "ஆமா சார்" என்றேன்.

மே 12, திங்கள்

மேடையில் சார் பேசியது வீடியோவாகி எல்லாக் குரூப்பிலும் போய்விட்டது. நான் ஓரத்தில் பாதி தெரிகிறேன். "எவ்வளவு பெரிய மனசு சாருக்கு", "இப்படி ஒரு ஆசிரியர் இனிப் பிறக்க வேண்டும்" என்று எழுதுகிறார்கள். யார் யாரோ தெரியாதவர்கள் எல்லாம் சாருக்குக் கும்பிடு போடுகிறார்கள்.

உலகு முழுவதையும் பார்த்தாள். "நல்லாருக்கு. அடிச்சவருக்கு மாலை மரியாதி. அடி வாங்குன மனுசன் பெட்டிய ஒத்தையில தூக்கி வண்டியில வைக்கணும்" என்றாள். ஆனால் இன்னொரு தரம் போட்டுப் பார்த்தாள். "வாயத் தொறந்து சொல்லிட்டாருல்லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு சாரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மே 15, வியாழன்

சார் மேல் இருந்த கோபம் எங்கே என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அவர் மேடையில் மன்னிப்புக் கேட்காமல் விட்டதனால் போயிற்றோ என்னவோ. நேற்று சாயங்காலம் போன் செய்து, "அந்த வார்த்தய இப்ப சொல்லிருதேன் சார், மன்னிச்சிட்டேன்" என்றேன். அரசி போனை வாங்கி, "அப்பா அழுதாவண்ணே, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.

இத்தோடு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் குறைந்திருக்கிறதே தவிர முடியவில்லை. மிச்சம் யார் மேல் என்று எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை.

விழா முடிந்ததிலிருந்து முத்துசிவம் கடைப் பக்கம் வரவில்லை.

மே 19, திங்கள்

இன்று சாயங்காலம் வந்தான். யூனிஃபாரம் இல்லை. ஸ்டூலை எடுத்து வலது பக்கம் போட்டு உட்கார்ந்தான். நான் ஒரு ஆம்ப்ளிஃபையரைக் கழற்றி வைத்திருந்தேன்.

"குரூப்புல எல்லாரும் கேக்கானுவ. நீ ஒண்ணுமே சொல்லலியாம். சார மன்னிச்சிட்டேன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுருடே. முடிஞ்சு போவும்."

"சாருட்ட சொல்லிட்டேன்."

"சொல்லிட்டியா? பின்ன என்ன? குரூப்புலயும் ஒரு வார்த்த போட்டுர வேண்டியதுதான."

"அது எனக்கும் அவருக்கும் உள்ளது."

திருப்புளியை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"எம்மேல வருத்தமாடே? நானும்தான் மேடையில சொன்னேன்லா."

"சிரிச்சுக்கிட்டுச் சொன்ன."

"சின்னப் பிள்ளையில பண்ணுனதுதான நாயகம். அவரு இவ்வளவு அடிப்பாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? காது போவும்னு யாரு கண்டா?"

"அடிக்கும்போது தெரியாது. பஞ்சு வச்சுக்கிட்டு வந்தப்போ தெரியும். செலக்சன்ல என்னைய வெளிய அனுப்புனப்போ தெரியும்."

அவன் முகம் என்னவோ போல ஆகிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் போலீஸில் இருக்கிறவன், எத்தனை பேரை எதிரில் நிறுத்தி விசாரித்திருப்பான். கேள்வி கேட்கத்தான் அவனுக்கு வந்தது.

"மணிக்குப் பக்கத்துல நீ நின்னன்னு அந்தப் பிள்ள சொன்னாளே. நீ என்னைய பாத்தியா? நான் அடிச்சத?"

இதை அவன் இதுவரை கேட்டதே இல்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை, உலகுவிடம்கூட.

"பாத்தேன்."

"பாத்தியா? பின்ன சாரு கேக்கும்போது ஏன்டே சொல்லல? ரெண்டு தடவ கேட்டாரே."

"நீ சொல்லுவன்னு நெனச்சேன்" என்றேன்.

திருப்புளியைக் கீழே வைத்தான். கடைசியில் எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வந்து பெட்டி வாடகை கேட்டார், நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். தெருவிளக்கு எரிய ஆரம்பித்த பிறகும் அவன் அந்த ஸ்டூலிலேயே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் சொல்லட்டும் என்று நான் கடையைச் சாத்தாமல் இருந்தேன்.